கரடி கஞ்சி உண்கிறது

புஷ்பராணி ஃபின்னிஷ் மொழி கற்க வேண்டும் என்ற செய்தி, அவர் கைப்பையை மேசைமேல் வைப்பதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் ஃபின்னிஷ் கற்க விரும்புகிறீர்கள்' என்று கணினித் திரை சொன்னது. அந்த விருப்பம் தனக்கு எப்போது வந்தது என்று அவர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. செய்தியின் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினார்.

அலுவலகம் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, குப்பைக் குழாய் ஆகியவற்றைப் பராமரிக்கும் நிறுவனம். எங்காவது மின்தூக்கி நின்றுபோனால் தொலைபேசியை எடுப்பவர் புஷ்பராணிதான். சென்ற ஆண்டு ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒரு பம்பு நிறுவனம் இவர்களை விலைக்கு வாங்கியது. அதிலிருந்து பம்புகளில் மாற்றம் எதுவும் இல்லை. 'கற்றல் கலாசாரப் பிரிவு' என்று ஒன்று மட்டும் புதிதாக முளைத்தது.

அதன் தலைவர் ரஞ்சன். முன்பு திருமண விருந்துகளில் நிகழ்ச்சி நெறியாளராக இருந்தவர். சாதாரணமாகப் பேசுவது எப்படி என்பதையே மறந்துவிட்டவர். அன்று மதியம் ஊழியர்களை எல்லாம் கூட்டி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்புச் சகோதர சகோதரிகளே! கற்றல் என்பது கட்டாயம் அல்ல. கட்டாயப்படுத்தினால் அது கற்றலே அல்ல. ஆகவே இங்கே யாரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டீர்கள். விருப்பம் இல்லாதவர்கள் யார் யார் என்பதை மட்டும் நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்."

கூட்டம் கைதட்டியது.

"ஒவ்வொருவருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி. கணினியே தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்தக் கல்வியை நிறுவனம் உங்களுக்கு முற்றிலும் இலவசமாக வழங்குகிறது. ஏனெனில் இணையத்தில் அது ஏற்கெனவே இலவசமாகத்தான் இருக்கிறது."

மறுபடியும் கைதட்டல். பின்வரிசையில் இருந்து முகைதீன் கையைத் தூக்கினான். பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். புஷ்பராணியைவிடப் பத்து வயது சிறியவன்.

"சார், டீச்சர் யாராச்சும் வருவாங்களா?"

"அருமையான கேள்வி. ஆசிரியர் என்பவர் யார்? தவறைத் திருத்துபவர். நமக்குத் தேவை தவறைப் பதிவு செய்பவர். அதற்காகத்தான் எங்கள் பிரிவில் பதினோரு பேர் இருக்கிறோம்."

"சார் என்ன மொழி படிக்கிறீங்க?"

ரஞ்சன் புன்னகைத்தார். "நான் கற்றலின் தலைவர், முகைதீன். கற்பவன் அல்லேன்."

வெளியே வந்ததும் முகைதீன் புஷ்பராணியின் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, எனக்கு என்ன மொழி வந்திருக்கு தெரியுமா? தமிழ்!"

"என்னடா சொல்ற?"

"என் பேரப் பாத்துட்டு கம்ப்யூட்டர் நான் மலாய்க்காரன்னு முடிவு பண்ணிருச்சு. ஃபாரின் லாங்குவேஜ் தமிழாம். லாட்டரி விழுந்த மாதிரி லா!"

புஷ்பராணி சிரித்தார். அந்த அலுவலகத்தில் அவர் பயமில்லாமல் சிரித்தது அதுவே கடைசி.

மொழி கற்க எல்லோர் கைப்பேசியிலும் ஏற்றச் சொன்ன செயலியில் ஊதா நிற முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. பாடம் சரியாகச் செய்தால் அது குதித்தாடும். தவறு செய்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஒரு நாள் தவறவிட்டால் கட்டிலில் படுத்துத் தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளும். 'நான் காத்திருந்தேன், புஷ்பராணி' என்று எழுதிக் காட்டும். இலவசம் என்பதால் தவறு செய்வதற்கும் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டினால் பாடம் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் விளம்பரம் பார்க்க வேண்டும். ஆகவே குவீன்ஸ்டவுனில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் புஷ்பராணி கொஞ்சம் ஃபின்னிஷும், முழங்கால் தைலத்தைப் பற்றி நிறையவும் கற்றுக்கொண்டார்.

முதல் வாரத்துப் பாடம், 'கர்ஹு ஸ்யோ பூரோஆ.' கரடி கஞ்சி உண்கிறது. இரண்டாம் வாரத்தில் கரடி தொப்பி வாங்கியது. மூன்றாம் வாரத்தில் கரடியின் மாமா காணாமல் போனார். மின்தூக்கி என்பதற்கு ஃபின்னிஷில் என்ன என்று அவர் தேடிப் பார்த்தார். அந்தப் பாடம் காசு கட்டியவர்களுக்கு மட்டும்.

ஆனாலும் ஒரு நாள் ரயிலில் விநோதமாக ஒன்று நடந்தது. 'தலோ' என்றால் வீடு. 'தலோஸ்ஸ' என்றால் வீட்டில். 'தலோஸ்த' என்றால் வீட்டிலிருந்து. அட, நம்மைப் போலவே வாலில் ஒட்டிப் பேசுகிறார்களே என்று அவருக்குத் தோன்றியது. உலகத்தின் மறுகோடியில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு யாரோ நம் மாதிரியே வேற்றுமை உருபு சேர்க்கிறார்கள். வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'கின்' என்று ஒரு வால். அதைச் சேர்த்தால் நம்முடைய 'உம்' மாதிரி. நான், நானும். ஊட்ரம் பார்க்கில் மாற வேண்டிய ரயிலைக் கவனிக்காமல் நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு பாடம் அவருக்கு இப்படிப் பிடித்துப்போனது அன்றுதான்.

அலுவலகத்துக்குப் போனதும் கைப்பேசி கிணுகிணுத்தது. 'ஒரே பாடத்தில் நீண்ட நேரம் தங்கியிருக்கிறீர்கள். ஏதேனும் பிரச்சினையா?' அனுப்பியது முள்ளம்பன்றி அல்ல. கற்றல் கலாசாரப் பிரிவு.

அதன் பிறகு எதையும் ரசித்துப் படிக்க அவர் துணியவில்லை.

வரவேற்பறையில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். எல்லாப் பெயர்களும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னேறுபவருக்குப் பச்சைப் புள்ளி. பின்தங்குபவருக்குச் சிவப்புப் புள்ளி. சிவப்பு விழுந்தால் 'ஊக்குவிப்பு அறை'க்கு அழைப்பு வரும். முதலில் போனவர் கணக்குப் பிரிவு பாக்கியலட்சுமி. அவருக்கு ஒதுக்கிய ஹங்கேரிய மொழி எப்படியும் வாயில் நுழையவில்லை. புதன்கிழமை உள்ளே போனார். திங்கட்கிழமை அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. 'பாக்கியலட்சுமி வேறொரு கற்றல் பயணத்தைத் தேர்ந்தெடுத்துள்ளார்' என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பூந்தொட்டிக்குத் தினமும் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். யார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்து, தேநீர் அறையில் அவரவர் மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் பிஸ்கட்டைச் சத்தம் வராமல் கடித்தார்கள். எல்லோருக்கும் புரியும் மொழியில் பேச அனுமதி பெற்ற ஒரே ஆள் முகைதீன். ஆனால் அவனும் பேசவில்லை. அவன் முகம் கறுத்திருந்தது. கைப்பேசியைப் புஷ்பராணியிடம் காட்டினான்.

"நேற்று சந்தைக்குச் சென்றேன்" என்று சொல்ல வேண்டும். அவன் ஒலிவாங்கிக்கு நேரே வாயை வைத்து, "நேத்து மார்க்கெட்டுக்குப் போனேன்" என்றான். முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. 'உச்சரிப்பு தவறு. தமிழர்கள் பேசுவதைக் கூர்ந்து கேளுங்கள்.'

"எங்க வாப்பா, உம்மா எல்லாம் இப்படித்தானே அக்கா பேசுவாங்க?" என்று முணுமுணுத்தான். "ரஞ்சன் சார்கிட்ட போய்ச் சொன்னேன், நான் தமிழன்தான்னு. தாய்மொழிங்கிறது என்னோட சொந்தக் கருத்தாம். கம்ப்யூட்டர் சொல்றதுதான் தகவலாம்."

மேலே இருந்த கண்காணிப்புக் கேமராவைப் பார்த்தபடி புஷ்பராணி அவன் கையை ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்தார். தமிழில் ஆறுதல் சொன்னால் அவருக்குச் சிவப்புப் புள்ளி விழும்.

பிறகு வந்ததுதான் தொலைபேசி உத்தரவு. புகார் சொல்ல அழைக்கும் வாடிக்கையாளரை ஒதுக்கப்பட்ட மொழியிலேயே வரவேற்க வேண்டும். அது என்ன மொழி என்று விளக்க வேண்டும். 'இன்றைய சொல்' ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் புகாரைக் கேட்கலாம்.

வியாழக்கிழமை மதியம் பொங்கோலில் ஒரு கொண்டோவிலிருந்து அழைப்பு வந்தது.

"ஹ்யுவா பாய்வா" என்று ஃபின்னிஷில் வணக்கம் சொன்னார் புஷ்பராணி.

அந்தப் பக்கம் தவறான எண் என்று நினைத்துத் துண்டித்துவிட்டார்கள். மறுபடியும் மணி அடித்தது. மறுபடியும் "ஹ்யுவா பாய்வா." மறுபடியும் துண்டிப்பு. மூன்றாம் முறை எடுத்ததும் ஓர் இளம்பெண் அலறினாள்.

"ஹலோ, கட் பண்ணாதீங்க! லிஃப்ட் நின்னுடுச்சு! அப்பா உள்ள மாட்டிக்கிட்டார்! ஆஸ்துமா இருக்கு, இன்ஹேலர் மேல வீட்டுல இருக்கு!"

இன்றைய சொல் 'குளிர்காலம்.' புஷ்பராணியின் எதிரே அட்டையில் ஒட்டியிருந்தது. அட்டையைக் குப்புறக் கவிழ்த்தார்.

"எந்த புளோக்மா? எத்தனாவது மாடி? அப்பா பேசுறாரா? நீ கதவுகிட்ட நின்னு அவர்கிட்ட பேசிக்கிட்டே இரு. ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. நான் லைன்லதான் இருக்கேன், வைக்க மாட்டேன்."

ஆள் போனார். கதவு திறந்தது. முதியவர் நடந்தே வெளியே வந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். புஷ்பராணி தொலைபேசியை வைத்தபோது வரவேற்பறைத் திரையில் அவர் பெயருக்கு அருகே சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. 'காரணம்: வாடிக்கையாளருக்கு மொழி அனுபவம் மறுக்கப்பட்டது.'

அவரை அழைத்துப்போக சிவானி வந்தாள். ரஞ்சனின் பிரிவில் வேலை பார்க்கும் சின்னப் பெண். "ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. இது பனிஷ்மென்ட் இல்ல லா, ஜஸ்ட் ஒரு கான்வர்சேஷன்" என்றாள். பாக்கியலட்சுமியையும் அவள்தான் அழைத்துக்கொண்டு போனாள். அதே சிரிப்போடு.

ஊக்குவிப்பு அறையில் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் ஒரு மலைப்படமும் இருந்தன. மேசையில் டிஷ்யூ பெட்டியும் தண்ணீர்க் குவளையும். மூலையில் கேமரா. ரஞ்சன் தொலைபேசி உரையாடலின் பதிவை ஓடவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். முழுதும் கேட்டு முடிந்ததும் கண்களைத் திறந்தார்.

"இதில் உங்களுக்கு என்ன கேட்கிறது, திருமதி புஷ்பராணி?"

"ஒரு பொண்ணு அழுவுது சார்."

"எனக்குக் கேட்பது அவசரம். கற்றலின் முதல் பகைவன் அவசரம். அந்தப் பெண் தன் தந்தையைத் திரும்பப் பெற்றுவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் ஃபின்னிஷில் ஒரு சொல்கூடக் கற்காமல் வீடு திரும்பினாரே! அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?"

புஷ்பராணி, "மன்னிச்சிடுங்க சார்" என்று தன் வாய் சொல்வதைக் கேட்டார். ஓர் உயிரைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று உள்ளுக்குள் ஏதோ கூசியது. ஆனாலும் வாய் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டது.

ரஞ்சன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் கற்கிறீர்களா என்பது எனக்குப் பெரிதல்ல. கற்கிறீர்கள் என்று மேலே தெரிய வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு, அவர்களுக்கும் மேலே தெரிய வேண்டும். இப்படி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. உச்சியில் யார் இருக்கிறார் என்று நானே விசாரித்ததில்லை. விசாரிப்பது ஆரோக்கியமும் அல்ல." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். புஷ்பராணிக்கென்று வைத்திருந்த குவளையிலிருந்து. "அடுத்த வாரம் ஃபின்லாந்து தலைமையகத்திலிருந்து வருகிறார்கள். அவர்களை வரவேற்று ஃபின்னிஷில் உரையாட வேண்டியவர் நீங்கள். சிறப்பாகச் செய்தால் பச்சைப் புள்ளி."

"செய்யலன்னா சார்?"

"பயணங்கள் பலவகை" என்றார் ரஞ்சன்.

அன்று மாலை வீட்டில் கணவர் தியாகராசா கோழிக்கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கப்பல் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை போனது. இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். மனைவி சொல்லி முடிக்கும்வரை கரண்டியை அசைக்காமல் நின்றார்.

"சிரிச்சிக்கிட்டே பேசினாங்களா, ராணி?"

"ஆமா."

"தண்ணி வச்சிருந்தாங்களா?"

"வச்சிருந்தாங்க."

"டிஷ்யூ பெட்டி?"

புஷ்பராணி தலையை ஆட்டினார். தியாகராசா அடுப்பை அணைத்தார். "அப்போ கரடியப் பத்தி நல்லாப் படி" என்று மட்டும் சொன்னார். அன்று இரண்டு பேராலும் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் கரடியோடு வாழ்ந்தார். ரயிலில் படித்தார், மீன் கழுவும்போது படித்தார், கழிவறையில் படித்தார். கைப்பேசி கிணுகிணுக்காதபோதும் அதன் சத்தம் காதில் கேட்டது. இலவசமாகக் கிடைத்த மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் 'எங்கள் நிறுவனத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று தட்டினார். அது தந்த வாக்கியத்தை வேறொரு இலவசத் தளத்தில் போட்டுத் திருப்பிப் பார்த்தபோது 'எங்கள் கூட்டாளிகளுக்கு உங்களை விருந்தளிக்கிறோம்' என்று வந்தது. மூன்றாவது தளத்தில் விருந்து சவ அடக்கமாகிவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் மூடினார். கரடிதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தார்.

விருந்தினர் வந்த அன்று வாசலில் மாவிலைத் தோரணமும் ஃபின்லாந்துக் கொடியும் தொங்கின. வந்தவர்கள் இருவர். நெடுநெடுவென்று வளர்ந்த பெரிய அதிகாரி ஒருவர். அவருக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. பெயர் ஐனோ. வெயிலில் சிவந்த முகத்தோடு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சன் ஒலிவாங்கியில் முழங்கினார். தலைமையகத்திலும் இதே திட்டம் நடக்கிறதாம். அங்கே இந்த அம்மையார் தமிழ் கற்றிருக்கிறாராம். "இரு மொழிகள், ஒரே குடும்பம்! இதோ, எந்தத் தயாரிப்பும் இன்றி ஓர் உரையாடல்!"

இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டன. புஷ்பராணி உட்கார்ந்தார். எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. அவர் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் காற்று வந்தது. மறுபடியும் திறந்தார்.

"தெர்வெதுலோஆ. கர்ஹு ஸ்யோ பூரோஆ."

வரவேற்கிறேன். கரடி கஞ்சி உண்கிறது.

ஐனோவின் கண்கள் விரிந்தன. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்துவைத்தாள்.

"வணக்கம். ஆம். கரடி கஞ்சி உண்கிறது."

அதே செயலி. அதே முள்ளம்பன்றி. அதே முதல் வாரத்துப் பாடம். 'கரடி தொப்பி வாங்கியது' என்றார் புஷ்பராணி ஃபின்னிஷில். "தொப்பி மிகவும் அழகாக உள்ளது" என்றாள் ஐனோ தமிழில். 'கரடியின் மாமா எங்கே?' என்றார் இவர். "மாமாவைக் காணவில்லை" என்றாள் அவள், உண்மையான துக்கத்தோடு.

பெரிய அதிகாரி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஃபின்னிஷ் புரியும். கரடி ஒன்று வருவது புரிந்திருக்கும். ஆனால் திட்டம் தோல்வி என்று அவர் அறிக்கை எழுதினால் அவருக்கு மேலே இருப்பவர் என்ன செய்வார் என்பதும் அவருக்குப் புரியும். இடையிடையே "எக்ஸலன்ட்" என்றார்.

"பார்த்தீர்களா!" என்று ரஞ்சன் துள்ளினார். "நேற்றுவரை தமிழ் என்றால் என்னவென்று அறியாத ஃபின்லாந்துச் சகோதரி என்ன தெளிவாகப் பேசுகிறார்! நம் கிடங்கில் ஒருவர் இருக்கிறார், முகைதீன். மாதக்கணக்கில் தமிழ் கற்கிறார். ஒரு வாக்கியம் தேறவில்லை. எழுந்து நில்லுங்கள் முகைதீன். வெட்கப்பட வேண்டாம். அனைவரும் பார்க்கட்டும்."

முகைதீன் எழுந்து நின்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் எதிர்ச்சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புஷ்பராணியின் தலையில் இருந்த கரடிகள் எல்லாம் ஓடிவிட்டன. அடுத்து என்ன பாடம் என்று நினைவில்லை. ஐனோவும் தடுமாறுவது தெரிந்தது. அவள் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. பயணிகளுக்கான அவசரகாலப் பாடத்துக்குத் தாவிவிட்டாள் போலும்.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் ஐனோ.

அது பாடத்தில் இருந்த வாக்கியம்தான். ஆனால் அவள் அதைப் பாடமாகச் சொல்லவில்லை.

புஷ்பராணி அந்தப் பாடத்தில் 'மினுவா பெலொத்தா' என்பதை மட்டும் படித்திருந்தார். எனக்குப் பயம். பதில் எதுவும் பாடத்தில் கிடையாது. முள்ளம்பன்றி சொல்லித்தராத ஒன்றை அவரே செய்தார். ரயிலில் நின்றபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்த அந்த வாலை எடுத்து ஒட்டினார்.

"மினுவாகின் பெலொத்தா." எனக்கும் பயமாக இருக்கிறது.

ஐனோ மெல்லத் தலையசைத்தாள். பெரிய அதிகாரி சட்டென்று தன் காலணியைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" ரஞ்சன் குனிந்தார்.

"நம்ம ஆபிஸ் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க சார்" என்றார் புஷ்பராணி. "எனக்கும்தான்னு சொன்னேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மதியம் விருந்தினருக்கு ஊர் சுற்றிக்காட்டும்படி அவரிடமே சொன்னார்கள். தேக்கா சந்தை உணவங்காடியில் ஐனோவை உட்காரவைத்து பிரியாணி வாங்கிக்கொடுத்தார். இரண்டாம் வாயில் ஐனோவின் கண்ணில் நீர் வந்தது. காரமா என்று புஷ்பராணி ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று அவளும் ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரும் பள்ளிப் பருவத்திலிருந்தே ஆங்கிலம் பேசுகிறவர்கள். அன்று காலை அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

தலைமையகத்தில் அந்த அறைக்குத் 'தோட்டம்' என்று பெயராம். ஐனோவின் பக்கத்து மேசைக்காரர் சுவாஹிலி வராமல் தோட்டத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. சிங்கப்பூரில் சொதப்பினால் அவளுக்கும் தோட்டம்தான் என்று சொல்லி விமானத்தில் ஏற்றினார்களாம்.

"உங்கள் ஊரில் பூந்தொட்டி வைப்பார்களா?" என்று புஷ்பராணி கேட்டார்.

"குளிர் அதிகம். பிளாஸ்டிக் பூ" என்றாள் ஐனோ.

விருந்தினர் போன மறுநாளே புஷ்பராணிக்குப் பச்சைப் புள்ளி விழுந்தது. அதற்கடுத்த நாள் சிவானி வந்து, "கங்ராட்ஸ் ஆன்ட்டி! உங்கள ஊக்குவிப்பாளரா போட்டிருக்காங்க!" என்றாள். ரஞ்சனுக்கு வேறு பெரிய பொறுப்புகள் வந்துவிட்டனவாம். இனி அந்த அறைக்கு வருகிறவர்களிடம் புஷ்பராணி பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பாக்கியலட்சுமியின் பூந்தொட்டி புதிதாக ஒரு மொட்டு விட்டிருந்தது கண்ணில் பட்டது. சரி என்றார்.

முதல் ஆள் முகைதீன்.

அவர் உள்ளே நுழைந்தபோது அவன் விருட்டென்று எழுந்தான். "வாங்க மேடம்" என்றான். மேசைமேல் தண்ணீர்க் குவளை, டிஷ்யூ பெட்டி, ரஞ்சன் எழுதிக்கொடுத்த ஒரு தாள். உட்கார்ந்து தாளைப் பிரித்தார். 'இது தண்டனை அல்ல. உங்கள் நலனில் எங்களுக்கு உள்ள அக்கறை' என்று வாசித்தார். தன் குரல் மெதுவாகவும் கனிவாகவும் ஒலிப்பதைக் கேட்டு அவருக்கே உடம்பு சிலிர்த்தது. முகைதீனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வாய்ப்பு. சொல்லுங்க" என்று கைப்பேசியை நகர்த்தினார்.

"நேத்து..." என்று தொடங்கி நிறுத்தினான். "நேற்று சந்தைக்கு... போ... சென்..." பிறந்ததிலிருந்து பேசிய மொழியில் ஒரு வாக்கியம் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணியை எடுத்தது.

புஷ்பராணிக்குத் தியாகராசாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாடகைக் காரில் வரும் வருமானம் நினைவுக்கு வந்தது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவர் தெளிவாக யோசித்ததாகச் சொல்ல முடியாது. கைப்பேசியைக் கையில் எடுத்தார். இருமல் வந்தவர்போல நாற்காலியோடு திரும்பிக் கேமராவுக்கு முதுகைக் காட்டினார். இரண்டு முறை பலமாக இருமினார். இருமலுக்கு நடுவே வாயைக் கைப்பேசியில் ஒட்டிவைத்து, "நேற்று சந்தைக்குச் சென்றேன்" என்றார்.

மணி ஒலித்தது. பச்சை வெளிச்சம். முள்ளம்பன்றி குதித்தாடியது.

அவர் கைப்பேசியை மேசையில் திருப்பி வைத்தார். அவன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தேறிட்ட" என்றார். கதவைக் காட்டினார். "போ. போய் வேலையைப் பாரு."

"தேங்க்ஸ் மேடம்."

"மேடம் என்னடா மேடம். எப்பவும்போல அக்கான்னு சொல்லு."

முகைதீன் கேமராவைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றான். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான்.